நேசத்தின் நினைவாக

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன். என் நலம் அறிகிற ஆவல் இந்த இரண்டு வருசத்தில் உனக்கு ஒரு நாளாவது வந்ததாகத் தெரியவில்லை. உன் நலமோ எனக்கு நோட்டீசில் படத்தோடு அச்சடித்தே வந்து சேர்ந்துவிட்டது. கறுப்புக் கோட்டும், கழுத்தில் முடிச்சும், கையைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடியபடி நிற்கிற படம். வடிவாய்த்தான் இருக்கிறாய். உன்னைப் பெற்ற கொப்பரின் மூக்கு அப்படியே இருக்கிறது. வருகிற மாதம் கொழும்பில் உன் கல்யாணம் என்றும், முதல்நாள் மாலை உன்னோடு வருகிற வெள்ளைக்காரக் கொயர் நீ இயற்றிய பெரிய பாட்டை முதன்முதலாகப் பாடப்போகிறது என்றும், பாட்டுத் தொடங்குவதற்கு முன் சபையில் வாசிக்க அம்மாவின் வாழ்த்தாக நாலு வார்த்தை வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். 'வாசிக்கிற ஆளுக்கு அழுகை வராத மாதிரி எழுதுங்கோ அம்மா' என்று வேறு கேட்டிருக்கிறாய். அழுகை வராது, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் நாலு வார்த்தையோடு நிற்காது. சபையில் இருக்கிற பெரியவர்கள் பாட்டுக் கேட்கத்தான் வந்திருப்பார்கள், அவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டீசில் உன் படத்துக்குக் கீழே ஒரு வரி. யாழ்ப்பாணத்துச் சண்டையில் தான் இழந்த ஒரே தங்கை நேசத்தின் நினைவாக இந்தப் பாட்டை இயற்றினார் என்று. முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவள் நான். எனக்கே அது விளங்கவில்லை, திரும்ப வாசித்தேன். நேசம் அப்போது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நேசம், இஞ்சை ஒருக்கால் வா பிள்ளை."

"என்னம்மா, கையெல்லாம் தேங்காய்ப்பூ."

"நீ செத்துப்போனியாம்."

அவள் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து, எட்டிப் பார்த்து, வரியை விரலால் தொட்டு வாசித்தாள். வாசித்துவிட்டு என்ன கேட்டாள் தெரியுமா? "எப்பவாம்?" என்று கேட்டாள். அது போடவில்லை என்றேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாய். 'இஞ்சத்தைய சனத்துக்குப் பாஸ், பிணை எண்டு விளங்கப்படுத்தேலாது அம்மா. இழந்தது எண்டால் இழந்ததுதானே. பாட்டுக்கு அப்பிடி இருந்தால்தான் சரி.' சரியடா. பாட்டுக்குச் சரி. அவளுக்குச் சரியோ என்று எழுதிக் கேட்க உனக்கு ஒரு தபால் முத்திரை கிடைக்கவில்லை.

உன் சங்கீத வாழ்க்கை ஏதோ ஒரு குளிர்தேசத்து இசைக் கல்லூரியில் தொடங்கியதாக அந்த நோட்டீசு சொல்கிறது. கண்டறியாத தொடக்கம்! அது தொடங்கியது காங்கேசன்துறை இறங்குதுறையில். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் தமிழரை அடித்து எரித்தபோது நீ அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். அகதிகளை ஏற்றிய கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டு நானும் கொப்பரும் போய் வெயிலில் காத்து நின்றோம். சீமெந்துத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்த மனிசன், வேலைக்குப் போகாமல், சாப்பிடாமல், வருகிற ஒவ்வொருவரையும் 'எங்கடை பெடியனைக் கண்டனீங்களோ' என்று கேட்டுக்கொண்டு நின்றது. நீ யாரோ தந்த சாரத்தோடும் பொத்தான் இல்லாத சேட்டோடும் இறங்கி வந்தாய். நான் ஓடிவந்து உன் முகத்தைப் பிடித்தேன். நீ என் கையை விலக்கிவிட்டு முதல் கேட்ட கேள்வி: "அம்மா, எங்கடை கோயில் ஓகன் இன்னும் வாசிக்கிற மாதிரிக் கிடக்கோ?" பெடியன் பயத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்து நான் அழுதேன். பிதற்றவில்லை. அதுதான் நீ, முழுதாக. எனக்கு அது விளங்கப் பல வருசம் எடுத்தது.

சண்டிலிப்பாயில் எங்கள் சின்ன வேதக்கோயிலில் அதற்கு முதலும் கொயர் இருந்தது. வெள்ளைக்காரன் மெட்டுக்குள் தமிழை அடைத்து, எங்களுக்கு முந்தியவர்கள் பாடியதுபோலவே நாங்களும் பாடிக்கொண்டிருந்தோம். வந்த முதல் ஞாயிறே நீ எழும்பி நின்று, "மனம் எண்டு எழுதியிருக்கு, மானம் எண்டு இழுக்கிறியள். கடவுளுக்குத் தமிழ் தெரியாதெண்டு நினைச்சியளோ?" என்று கேட்டாய். பாதிரி ஐயருக்கு முகம் கறுத்தது. ஆனால் அடுத்த கிழமை நீயே ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தாய். குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் நின்றது, நாங்கள் வாய் திறந்து கதைப்பதுபோலவே பாட்டு நடந்தது. அதை நாலு குரலுக்கும் பிரித்தாய். மேலே சோப்ரானோவுக்கு நேசம், அதற்குக் கீழே ஆல்ட்டோவுக்கு நான், டெனருக்குப் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள், அடியில் பேஸுக்குக் கொப்பர். புகையிலைத் தோட்டத்துச் சைவப் பெடியன்கள்கூட வேலியில் சாய்ந்து கேட்டார்கள். இரண்டு பேர் திருநீற்றோடு உள்ளே வந்து பேஸில் நின்றார்கள். நீ அவர்களிடம் சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை, "ஆ எண்டு சொல்லு" என்று மட்டும் கேட்டாய். நான் ஒருவரையும் லேசில் புகழுகிறவள் இல்லை, அது ஊருக்குத் தெரியும். ஆனால் அந்த வருசம் யேசு பிறந்த நத்தாருக்கு நாங்கள் பாடியபோது என் உடம்பு புல்லரித்தது. இந்தச் சபைக்கும் சொல்கிறேன், இவன் உண்மையிலேயே பெரிய வித்துவான். எங்களுக்குப் பிடித்த சனியனும் அதுதான்.

மருமகளாக வரப்போகிற பிள்ளைக்குத் தமிழ் தெரியாதாம். பக்கத்தில் இருக்கிற யாராவது இதைக் குனிந்து சொல்லிக்கொடுங்கள். பிள்ளை, இவன் ஆட்களைக் கேட்கிறவன் இல்லை, குரலைக் கேட்கிறவன். ஒரு நாள் கொயர் பழக்கத்தில், நாற்பது பேருக்கு நடுவில், கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அம்மா, உங்கடை குரல் ஆடுது. வாற கிழமையிலை இருந்து நீங்கள் கீழை சனத்தோடை இருந்து பாடுங்கோ" என்றான். பழக்கம் முடிந்தபிறகு வீட்டில் வந்து சொல்லியிருக்கலாம். வாய் சும்மாதானே இருக்கிறது, 'குறை நினைக்காதேங்கோ' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கீழே வாங்குப்பலகையில் இருந்தேன். அவன் உடனே கையைத் தூக்கி விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். நான் எழும்பிய பிறகு ஆல்ட்டோ முன்னையைவிட நன்றாகக் கேட்டது. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. பிள்ளை, உனக்கு இப்போது குரல் கண்ணாடிபோல இருக்கிறது, இவன் அனுப்பிய கசெற்றில் நீ பாடியதைக் கேட்டேன். அது ஆடத் தொடங்குகிற நாளுக்கு இப்போதே ஒரு கைத்தொழில் பழகி வைத்துக்கொள்.

நெல்லியடிக்குக் கரோல் பாடப் போனோமே, நினைவிருக்கிறதா மகனே? பெற்றோல் இல்லாத காலம். எல்லாரும் சைக்கிளில், வெள்ளைச் சட்டைகளைப் பையில் சுருட்டிக்கொண்டு. வல்லை வெளியில் ஹெலிகொப்டர் வந்தது. மறைய ஒரு மரம் இல்லாத வெட்டவெளி. சைக்கிளைப் போட்டுவிட்டு எல்லாரும் தரவையில் குப்புற விழுந்தோம். அது இரண்டு தரம் சுற்றிச் சுட்டுவிட்டுப் போனது. ஒருவருக்கும் படவில்லை, கடவுள் கிருபை. நான் தலையைத் தூக்கி நேசத்தைத் தேடினேன். கொப்பர் என்னைத் தேடினார். நீ எழும்பி நின்று, "ஆல்ட்டோ எல்லாரும் இருக்கினமோ? ரெண்டு பேரைக் காணேல்லை!" என்று கத்தினாய். அந்த இரண்டு பேரும் பள்ளத்துக்குள் இருந்து கையைத் தூக்கினார்கள். "அப்ப சரி, வாங்கோ, நேரம் போகுது" என்றாய். எல்லாரும் சிரித்தோம். பயத்தில் அப்படிச் சிரிப்பு வரும். நானும்தான் சிரித்தேன், என்ன விசரோ.

கொப்பர் போனது இந்தியன் ஆமி நின்ற காலத்தில். நெஞ்சு நோ என்று சொன்னார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீதி திறக்கவில்லை. சேமக்காலையில் பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது பாட என்று நீயே ஒரு பாட்டு எழுதினாய். நாலு பேர் கயிற்றைப் பிடித்து இறக்கத் தொடங்கினார்கள், கொயர் பாடத் தொடங்கியது. இரண்டாம் அடியில் பேஸ் சரிந்தது. சரியாமல் என்ன செய்யும்? அதைத் தாங்கி நின்ற மனிசன் பெட்டிக்குள் அல்லவா கிடந்தது. நீ கையைத் தட்டினாய். "நிப்பாட்டுங்கோ. பேஸ் கீழை போகுது. முதல்லை இருந்து." பெட்டி பாதிக் குழியில் தொங்கிக்கொண்டு நின்றது. கயிறு பிடித்தவர்களுக்கு இறக்குவதா ஏற்றுவதா என்று தெரியவில்லை. காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு பிடி மண்ணை வைத்துக்கொண்டு, பிழை திருந்தும்வரை காத்துக்கொண்டு நின்றேன். உன் மாமன், "டேய், இது உன்ரை அப்பன்ரை செத்தவீடடா" என்று பல்லைக் கடித்தார். நீ காதில் விழுத்தவில்லை. திரும்பத் தொடங்க முன் பேஸ் வரிசையில் இடதுபக்கக் கரையைப் பார்த்தாய், அவர் எப்போதும் நிற்கிற இடத்தை. அங்கே ஒருவரும் இல்லாததைக் கண்டு உன் கை ஒரு கணம் கீழே போனது. அதை நான் கண்டேன். கண்டதால்தான் அன்றைக்கு உன்னை அறையாமல் விட்டேன். அறைந்திருக்க வேண்டும். உனக்குப் பிள்ளை பிறந்தால், அறைய வேண்டிய நாளில் அறைந்துவிடு. சனம் பார்க்கிறது என்று விடாதே.

அதன்பிறகு கொயரில் ஆம்பிளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். வெளிநாட்டுக்குப் போனவன், இயக்கத்துக்குப் போனவன், ஒரு இடத்துக்கும் போகாமல் வீதியில் செத்தவன். ஒரு வருசம் டெனருக்கு ஒருவரும் இல்லை. நீ நேசத்தைக் கீழே இறக்கினாய். மணி அடித்த மாதிரிக் கிணீர் என்று மேலே போகிற குரல் அவளுக்கு. "அண்ணை, எனக்கு உவ்வளவு கீழை வருகுதில்லை" என்று அவள் சொன்னபோது, "நெஞ்சாலை பாடு, வரும்" என்றாய். வந்தது. ஆம்பிளைக் குரலில் வந்தது. வருசக்கணக்காக அவளை அப்படியே பாட வைத்தாய். அவள் தொண்டை காய்த்துப் போய், வெந்நீர் குடித்து, உப்புத்தண்ணி கொப்பளித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் குரலைச் சேமித்து வைக்கக் கிழமை முழுவதும் ஊமைபோலத் திரிந்தாள். நான் உன்னோடு சண்டை பிடித்தேன். "அம்மா, டெனர் இல்லாட்டி இது பாட்டில்லை" என்று சொன்னாய். பாட்டு இருந்தது. அவளுடைய குரல் முடிந்தது. இன்றைக்கு அவளால் மேலே ஒரு சுரம் ஏற முடியாது, கதைத்தாலே கரகரக்கிறது. அந்தக் குரலைக் கேட்டு ஒருவரும் 'இவள் பாடினவள்' என்று சொல்லமாட்டார்கள்.

தொண்ணூற்று மூன்றில் கொழும்பிலிருந்து உனக்கு அழைப்பு வந்தது. ஒரு பெரிய கோயிலில் நத்தார் கொயரை நடத்த வேண்டும், வெளிநாட்டிலிருந்து பெரிய வித்துவான் ஒருவர் கேட்க வருகிறார். பத்து நாளில் வந்துவிடுவேன் என்றாய். கொழும்புச் சபையாருக்கு ஒன்று விளங்கவேண்டும். அப்போதும் இப்போதும் எங்கள் ஊரிலிருந்து வெளியே போக, ஊரை ஆளுகிற இயக்கத்தின் பாஸ் வேண்டும். போகிறவருக்கு வீட்டில் ஒருவர் பிணை நின்று கையெழுத்து வைக்க வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது. வராமலே விட்டால், நின்றவர் நின்றதுதான். அதனால் எல்லார் வீட்டிலும் வயது போனவர்களைத்தான் பிணை வைப்பார்கள், எங்கேயும் போகத் தேவையில்லாதவர்களை. நானும் கையெழுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நேசத்தைக் கொண்டுபோய் வைக்கச் செய்தேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும், சபைக்கும் தெரியட்டும். அவளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். தை பிறக்க அவள் புறப்பட வேண்டும். என்னை வைத்தால் நீ வரமாட்டாய் என்று என் மனது சொன்னது. ஆடுகிற குரலுக்காகக் கிளாலிக் கடலைத் திரும்பக் கடக்கிற ஆளா நீ? நேசத்தை வைத்தால், அவளுடைய கல்யாணத்துக்காகவாவது வந்தே தீருவாய் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு அன்னமக்கா, "இளம்பிள்ளையைக் கொண்டுபோய்ப் பிணை வைக்கிறியே, உனக்கென்ன மூளை கழண்டு போச்சோ?" என்று வேலிக்குள்ளால் ஏசினாள். நான் பெரிய கெட்டிக்காரி, கேட்பேனா? புறப்படும்போது நேசம் உன் சேட்டுக்குப் பொத்தான் தைத்துத் தந்தாள். "கெதியா வாங்கோ அண்ணை" என்றாள். "சீ, பத்து நாளடி" என்றாய்.

மாசி மாதத்தில் உன் கடிதம் வந்தது, ஐரோப்பாவிலிருந்து. அந்த வித்துவான் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். 'இப்ப திரும்பி வந்தால் என்ரை சங்கீதம் செத்துப்போகும் அம்மா. நேசத்துக்கு விளங்கும்.' அவளுக்கு விளங்கியது. அவளுக்கு எல்லாம் விளங்கும், அதுதான் அவளுக்கு வந்த வினை. கனடா மாப்பிள்ளை ஒரு வருசம் பொறுத்தார். நல்ல பெடியன், குறை சொல்லமாட்டேன். பிறகு உன் கொயரில் ஆல்ட்டோ பாடிய பெட்டையைக் கேட்டு எழுதினார்கள், அவளுக்குத் தகப்பன் பிணை நின்றார், அவள் போனாள். போகும்போது நேசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நேசம் அவளுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

இனி உன் பாட்டுக்கு வருகிறேன். நோட்டீசோடு கசெற் ஒன்றும் அனுப்பியிருந்தாய். எங்களுக்குக் கரண்ட் இல்லாமல் எத்தனையோ வருசம், பற்றரியைக் கண்ணால் காணவில்லை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, டைனமோவில் வயரைக் கொளுவி, ஒரு ஆள் மிதிக்க வேண்டும். எனக்கு முழங்கால் ஏலாது. நேசம் ஏறி மிதித்தாள். முதலில் மாடு முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவள் வேகம் பிடித்ததும் குரல்கள் நிமிர்ந்தன. அத்தனை குரலும் ஒரு மூச்சில் எழும்பின. நல்லாயிருந்தது. சனியன், நல்லாயிருந்தது! பிழை பிடிக்கவென்றே காதைத் தீட்டிக்கொண்டு இருந்த எனக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை. கொஞ்சம் போக உன் மணப்பெண் தனியே பாடுகிற இடம் வந்தது. அந்த மெட்டு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நேசம் சின்ன வயதில் கிணற்றடியில் தானாகக் கட்டிப் பாடித் திரிந்த மெட்டு அது. வேண்டுமென்றே செய்தாளோ என்னவோ, அவள் அந்த இடத்தில் வேகமாக மிதித்தாள். உன் பெண்ணின் குரல் கீச்சு மாச்சு என்று எலிக்குஞ்சுபோல ஆகிவிட்டது. நேசம் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் காலை எடுத்துவிட்டாள். பாட்டு அப்படியே இழுபட்டு, கீழே போய், நின்றுவிட்டது.

"என்ன பிள்ளை, நிப்பாட்டிப்போட்டாய்? இன்னும் கிடக்கெல்லே?"

"செத்தவள் சைக்கிள் மிதிக்கமாட்டாள் அம்மா."

இறங்கிப் போய் உலை வைத்தாள். அழவில்லை. சாப்பிடும்போது, சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அண்ணையை ஒருக்கால் பாக்க வேணும்" என்றாள். அவன் கொழும்புவரை வருகிறான், இங்கே வரமாட்டான், நிலைமை சரியில்லையாம் என்று எழுதியிருக்கிறான் என்றேன். "அவர் வரவேண்டாம். நான் போறன்" என்றாள். இரண்டு வருசத்தில் அவள் தனக்கென்று கேட்ட ஒரே சாமான் அது. நான் அடுத்த நாளே சீலையை மாற்றிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு, பாஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போனேன்.

மேசையில் இருந்தது ஒரு சின்னப் பெடியன். பழைய பதிவைத் தேடி எடுத்து, "பாஸ் எடுத்துப் போன கொண்ணை வந்து சேரட்டும், பிறகு கதைப்பம்" என்று நேசத்தைப் பார்த்துச் சொன்னான். நான் உன் நோட்டீசை அவன் முன்னால் விரித்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"உதிலை தங்கச்சி செத்துப்போனா எண்டெல்லே கிடக்கு?"

"ஓம். உந்தா நிக்கிறாள், பாரும்."

முதலில் சிரித்தான். பிறகு நேசத்தின் முகத்தைப் பார்த்தான், சிரிப்பை விட்டுவிட்டான். "அம்மா, உவர் இனி வரமாட்டார்" என்றான். அது எனக்கு உம்மைவிட நல்லாய்த் தெரியும் என்றேன். இவளை விடும், என்னைப் பிணை எடும் என்றேன். வயது போன மனிசியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று இழுத்தான். வீட்டையும் வளவையும் எழுதி எடும், அவள் திரும்பி வராவிட்டால் உங்களுக்கு என்றேன். கொப்பர் சீமெந்து மணக்க மணக்க உழைத்துக் கட்டிய வீடு. நேசம் என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, வேண்டாம், நான் போகேல்லை" என்றாள். "பொத்தடி வாயை" என்று அவனுக்கு முன்னாலேயே ஏசினேன். ஏசிவிட்டுக் கையெழுத்து வைத்தேன். அவளுடைய பெயரை வெட்டி என் பெயரை எழுதினான்.

வீடு வரும் வழியிலேயே அவளுக்குச் சொல்லிவிட்டேன், திரும்பி வராதே என்று. கனடாவோ, கொழும்போ, எங்கேயோ ஒரு இடத்தில் உனக்கென்று ஒரு சீவியத்தைப் பார் என்று. மாட்டேன் என்றாள், திரும்பி வந்தால் நீ என் பிள்ளையே இல்லை என்று சத்தியம் பண்ணினேன். இதை இவ்வளவு பேருக்கு முன்னால் வாசித்தால் ஊருக்கும் கதை வந்து சேரும். வரட்டும். நான் ஒளிக்கவில்லை. வீட்டை அவர்கள் எடுக்கட்டும், எனக்கு அன்னமக்கா வளவில் மாட்டுக்கொட்டில் இருக்கிறது. மகனே, உனக்கு அந்த வீட்டில் ஒரு பங்கும் இல்லை என்பதையும் இதோடு அறிந்துகொள்.

வாழ்த்துக் கேட்டாய். கல்யாணத்தைச் செய். அந்தப் பிள்ளையைக் கண்கலங்காமல் வைத்திரு. அவள் பிழையாகப் பாடுகிற நாளில், ஒருதரம், ஒரேயொரு தரம், கையைத் தட்டாமல் பாட்டை முடிய விடு. இதைவிட நல்ல வாழ்த்து என்னிடம் இல்லை. உன்னை மன்னித்ததாகவும் எழுதமாட்டேன். அது என்னுடைய சொத்து இல்லை, அவளுடையது. கொடுப்பாளா என்று நான் கேட்கவில்லை, நீ கேள்.

எழுதியதை முதலே அனுப்புங்கோ, பார்த்துத் திருத்தவேண்டும் என்று கேட்டிருந்தாய். அதனால்தான் அனுப்பவில்லை. ஊரிலிருந்து ஒரு ஆள் கொண்டுவந்து வாசிப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டபோது அவள் ஏலாது என்றாள். இதுவரை எழுதியதை ஒருதரம் மனதுக்குள் வாசித்துப் பார்த்துவிட்டு, "முடிச்சுத் தாங்கோ, கொண்டுபோறன்" என்றாள். இந்த வரி உன் காதில் விழுகிறதென்றால், கிளாலியில் படகு ஏறி, வவுனியாவில் ஆமி மறித்து வைக்கிற இடத்தில் கிடந்து, எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறாள். அவள் மேடை ஏறும்போதே நீ கண்டிருப்பாய். சபையாருக்குத்தான் தெரியாது. ஐயாமாரே, அம்மாமாரே, இவ்வளவு நேரமும் இதை உங்களுக்கு வாசித்தவள்தான் நேசம்.

இனி அவளுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போடு மகனே. அவள் இருந்தபிறகு, ஏலுமென்றால், கையைத் தூக்கு.

அம்மா